ஐம்பத்தொன்றாம் எண்ணில் வந்த சத்தம்

கோணவாய்க்கால் தெருவில் அமலோற்பவத்தின் கம்ப்யூட்டர் தன் சத்தத்தைத் தன் ஸ்பீக்கரில் விடாமல், எதிர்வீட்டுப் பாக்கியத்தின் இட்லிக் குண்டானில் கொண்டுபோய் விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. அந்த நேரத்தில் தெருவில் நூறு நூற்றுப் பத்து பேர் இருந்திருப்பார்கள், ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை, ஏன் எங்கள் வீட்டுக் குக்கரில் வரவில்லை என்றுதான் கேட்டார்கள். அது எப்படிப்பட்ட தெரு என்பதை இதிலிருந்தே நீங்கள் எடை போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன் நான். என் பேர் காத்தமுத்து. திருச்சி ஜங்ஷனுக்குப் பின்னால் பத்துக்கு எட்டில் கடை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததெல்லாம் காயலான் கடையிலும் ஏலக் கூடத்திலும் ஏமாந்து ஏமாந்து படித்ததுதான். இன்றைக்கு ஒரு மதர்போர்டைக் கையில் வாங்கினால் அது எத்தனை கை மாறியது, எவன் எதை மறைக்கிறான் என்று விரலிலேயே தெரியும். என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவன் ஜில்லாவில் கிடையாது. எனக்குக் கோபம் வரும், வாய் நீளம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொன்ன சொல் மாறமாட்டேன், கடையில் முதல் என்று இருப்பது அது ஒன்றுதான்.

அமலோற்பவம் பதினெட்டு வருஷம் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் பாட்டுக் கலந்தவள். பாடுகிறவளின் குரல் எவ்வளவு, வயலின் எவ்வளவு, தபேலா எவ்வளவு என்று அளந்து அளந்து சேர்த்துக் கொடுக்கிற வேலை. அந்தப் பதினெட்டு வருஷமும் அவள் கலந்ததெல்லாம் முதலாளி பேரில் வெளியே போனது. அவளுக்குக் கிடைத்தது கழுத்துவலியும் தீபாவளிக்கு ஒரு இனிப்புப் பெட்டியும். நாற்பத்தாறு வயதில் ஒருநாள் எழுந்து ஊருக்கு வந்தாள், மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள், சுவரெல்லாம் பழைய மெத்தையை அறைந்தாள், தன் பேரில் ஒரே ஒரு வேலை வெளியே போனால் போதும் என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஒன்பது பேர் சேர்ந்து பாடிய எட்டுப் பாட்டு அவளுக்கு வந்தது. முப்பதாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்குள் கலந்து, பாட்டை வெளியிடுகிற கம்பெனிக்கு அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் எட்டுப் பாட்டும் பழைய முதலாளிக்குப் போய்விடும், பின்னாலேயே இவளும் போகவேண்டியதுதான். அந்த மனுஷன் போன் பண்ணி, "உன் நாற்காலி அப்படியே இருக்கும்மா, தூசு தட்டி வச்சிருக்கேன்" என்று சொன்னானாம், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நான் ஏலக் கூடத்தில் ஆயிரம் மூஞ்சியில் பார்த்திருக்கிறேன்.

அவள் பழகிய மென்பொருள் மேக் என்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். நிஜ மேக்கின் விலை அவள் கைக்கு எட்டாது. தனித்தனியாகப் பாகம் வாங்கிப் பூட்டி அதில் மேக்கை ஓடவைக்கிற கிறுக்குத்தனம் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் கைவந்தது, அதனால் என்னிடம் வந்தாள். "எல்லாம் ஓடினாலும் சத்தம் வராதுன்னு சொல்றாங்களேண்ணே" என்றாள். "எவன் சொல்றான்? சத்தம் என் பொறுப்பு" என்றேன்.

எல்லாம் ஓடியது. சத்தம் வரவில்லை.

விஷயம் இதுதான். மதர்போர்டில் சத்தத்துக்கென்று ஒரு சின்னச் சிப்பு இருக்கும். அந்தச் சிப்பின் எந்தக் கால் எந்த ஓட்டைக்குப் போகிறது என்று மேக்குக்குத் தெரியாது. தெரியவைக்க மெஷின் எழும்புவதற்கு முன்னால் அதன் காதில் ஒரு எண் சொல்லவேண்டும். எண் சரியாக இருந்தால் பாடும், இல்லாவிட்டால் ஊமை. அந்தச் சிப்புக்கு மொத்தம் இருபத்திரண்டு எண். ஒன்று போட்டேன், அணைத்தேன், எழுப்பினேன், ஊமை. இரண்டு போட்டேன், அணைத்தேன், எழுப்பினேன், ஊமை. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒருதரம் அணைத்து ஒருதரம் எழுப்பி, முன்பக்க ஓட்டையில் சொருகிப் பார்த்து, பின்பக்கப் பச்சை ஓட்டையில் சொருகிப் பார்த்து, தனி சவுண்ட் கார்டு வாங்கி வந்து அதையும் சொருகிப் பார்த்து, இருபத்திரண்டும் தீர்ந்தபோது மூன்று நாள் தீர்ந்திருந்தது, மெஷின் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் திருவேங்கடம் மேலே வந்தார். தாலுக்கா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆனபிறகு எண் ஜோதிடம். தெருவில் பாதிப் பேருக்குப் பேரில் ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ விட்டவர் அவர்தான், அதில் ஒருத்தனும் உருப்பட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

"பேருக்கு ஏத்த எண்ணைப் போடணும்ப்பா. அமலோற்பவத்துக்கு அம்பத்தொண்ணு" என்றார்.

"சார், அந்த எண் இந்தச் சிப்புக்கே கிடையாது."

"எண்ணு சிப்புக்கு இல்லப்பா, ஆளுக்கு."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முட்டாளை முட்டாள் என்று நாலு பேர் முன்னால் நிரூபிக்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாடிப் படியில் நின்ற ஆட்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு, எல்லாரும் பார்க்க, இல்லாத எண்ணான ஐம்பத்தொன்றை அடித்தேன், அணைத்தேன், எழுப்பினேன். சத்தம் எந்த வழியாக வெளியே போகவேண்டும் என்று கேட்கிற பட்டியலைத் திறந்தேன். இருபத்திரண்டு தரமும் காலியாக இருந்த பட்டியலில் இப்போது ஒரே ஒரு வரி, சுத்தமான தமிழில்: பாக்கியத்தின் இட்லிக் குண்டான். அமலோற்பவம் அதைத் தொட்டு முதல் பாட்டை ஓடவிட்டாள். எதிர்ச் சாரியில் பாக்கியத்தின் அடுப்பிலிருந்து, ஆவியோடு சேர்ந்து, ஒன்பது நர்ஸுகளும் பாடினார்கள்.

இட்லிக்கு நின்ற கூட்டம் முதல் சரணம் முடியும்வரை தட்டை நீட்டவில்லை, அவ்வளவுதான். முடிந்ததும் நீட்டியது. பாக்கியம் குண்டானைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, புருஷன் போனபிறகு தனியாக நின்று மூன்று பெண்களைக் கரையேற்றியவள், யாருக்கும் பயப்படாதவள்.

"யாரைக் கேட்டு என் பாத்திரத்துல பாட்டை விட்டீங்க?"

"பாட்டு வந்தா இட்லி கெட்டுப்போச்சா?" என்றேன். "அது ஏற்கெனவே கல்லுதானே. கூரைக்கு எறிஞ்சா ஓடு உடையும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை. என்னை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தாள், குண்டானோடு இறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே தன் கடைப் பலகையில் 'பாடும் இட்லி' என்று எழுதி மாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலில் பன்னிரண்டு வரி ஏறிவிட்டது. தையல்காரர் சபாபதியின் மெஷின், டீக்கடை பாய்லர், ரேஷன் கடைத் தராசு, தமிழாசிரியர் ஒருத்தரின் மடக்குக் குடை, குழாயடியில் எப்போதும் வரிசைக்குக் கிடக்கிற ஓட்டைக் குடம், மேலவீட்டுத் தாத்தாவின் பல்செட், இப்படிப் பன்னிரண்டு. பாட்டை ஓடவிட்டால் அது பன்னிரண்டாகப் பிரிந்து போனது. குரல் குண்டானில், வயலின் பல்செட்டில், தபேலா குடத்தில். பல்செட் கிளாஸ் தண்ணீரில் கிடந்தபடியே வாசித்தது. தாத்தா அதைக் கேட்டுக்கொண்டு வெறும் வாயோடு தலையாட்டினார்.

இனி அந்தத் தெரு செய்ததைக் கேளுங்கள். வானத்திலிருந்து ஒரு அதிசயம் இறங்கினால் மனுஷன் கும்பிடுவான், இல்லை ஓடுவான். கோணவாய்க்கால் தெரு சங்கம் ஆரம்பித்தது. தலைவர் திருவேங்கடம். ரப்பர் ஸ்டாம்ப், பதிவுப் புத்தகம், பன்னிரண்டு பேருக்கும் அட்டை. தமிழாசிரியர் தன் அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரிய வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். சபாபதி தைத்த ஜாக்கெட்டெல்லாம் பாட்டின் தாளத்துக்கு வெட்டுப்பட்டு, அந்த மாதம் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் இடது கை மூன்று விரல் குட்டையாக வந்தது, ஒருத்தியும் திருப்பிக் கொடுக்கவில்லை. பல்லவி வரும்போது ரேஷன் தராசு ஐம்பது கிராம் இறங்கி நின்றது, சரணத்தில் ஏறியது; சனங்கள் பாட்டு நிலவரம் பார்த்துச் சர்க்கரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு பெண் வீட்டார், பையன் என்ன சம்பாதிக்கிறான் என்று கேட்பதற்கு முன்னால், "பட்டியல்ல இருக்கீங்களா?" என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்களாம். பட்டியலில் வராதவர்கள் பகலெல்லாம் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள், மடியில் அம்மி, அரிவாள்மணை, தோசைக்கல், ஒருத்தர் மடியில் ஆட்டுக்குட்டி.

இதில் அமலோற்பவத்தை ஒருத்தரும் நினைக்கவில்லை. கலக்கிறவளுக்குக் கலந்தது காதில் விழவேண்டும். அவள் ஒரு பாட்டை ஓடவிட்டு, படியில் உட்கார்ந்தவர்களைத் தாண்டிக் கீழே ஓடி, குண்டானில் காது வைத்து, தெரு முனைக்கு ஓடிக் குடத்தில் காது வைத்து, தாத்தா வீட்டுக்குள் போய்ப் பல்செட்டைக் குனிந்து கேட்டு, திரும்ப மேலே ஓடி வந்து சத்தக் குமிழை ஒரு முடுக்கு முடுக்கி, மறுபடி கீழே ஓடினாள். அவள் ஓடுகிற வழியெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"அந்த வயலினைக் கொஞ்சம் தூக்கும்மா, பல்லு சரியாக் கேக்கல" என்பார் தாத்தா.

"வயலினெல்லாம் எதுக்கு, குரலை ஏத்து, யாவாரம் படுத்துக்கிச்சு" என்பாள் பாக்கியம்.

"குடைக்கு இன்னும் ஒரு வரிகூட வரலை. தமிழுக்கு இந்தத் தெருவுல அவ்ளோதான் மரியாதை" என்பார் ஆசிரியர்.

அவள் யாருக்கும் முகத்தை முறிக்காதவள். பதினெட்டு வருஷம் முதலாளிக்குக் கீழே இருந்த பழக்கம், யார் சொன்னாலும் கை தானாகக் குமிழைத் திருப்பிவிடும். தூக்கினாள், இறக்கினாள், ஏற்றினாள். பாத்திரங்களும் சும்மா இல்லை. குண்டான் எந்தக் குரலையும் பஞ்சாக்கியது, பாய்லர் எதையும் சூடாக்கியது, ஒவ்வொன்றும் தன் எஜமானுக்குப் பிடித்த மாதிரி பாடியது. கேட்கும்போது எல்லாம் இனிக்கும், சேர்த்துப் பார்த்தால் குழம்பு. இருபத்தாறாம் தேதி நான் போனபோது அவள் முப்பத்தொன்பதாவது தரம் கலந்துவிட்டு, ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கே எது நல்லாருக்குன்னு தெரியலண்ணே. நாலு நாள்தான் இருக்கு. பேசாம அந்த நாற்காலிக்கே போயிடறேன்."

"சத்தம் என் பொறுப்புன்னு சொன்னேனா இல்லையா?"

"சத்தம் வந்துச்சே. எனக்குத்தான் வரல."

அது என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வேறு எவனாவது சொல்லியிருந்தால் திருப்பி அறைந்திருப்பேன்.

பட்டியலை நான் முதலிலிருந்தே கவனித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வரிக்குக் கீழே பதின்மூன்றாவதாக ஒரு வரி மங்கலாகக் கிடந்தது, படிக்க முடியாது. வேறென்ன, மேஜையில் சும்மா நிற்கிற ஸ்பீக்கர்தான் என்று நான் சொன்னேன். ஒருநாள் டீக்கடைக்காரர் ஏதோ சண்டையில் மெஷின் முன்னால் வந்து நின்று, "எனக்கு வேணாம்யா உங்க பாட்டு" என்று கத்தினார். உடனே பாய்லர் பட்டியலிலிருந்து போனது, மங்கல் வரி மேலே நகர ஆரம்பித்தது. அரை நிமிஷத்தில் அவர் பெண்டாட்டி ஓடிவந்து "வேணும், வேணும்" என்றாள், பாய்லர் திரும்ப ஏறிக்கொண்டது. ஆக, பன்னிரண்டில் ஒரே ஒருத்தர் மெஷின் முன் நின்று வேண்டாம் என்று சொன்னால் போதும். பதினொன்று அவர்களுக்கே இருக்கட்டும்.

வீடு வீடாகப் போனேன். ஒரே ஒரு இடம் கேட்டேன், பாட்டின் சொந்தக்காரிக்கு. சபாபதி, "தையக்காரன்னா எளக்காரமா? வாத்தியாரைக் கேளுங்க" என்றார். வாத்தியார், "கலை என்பது மக்களுக்கானது, தனி ஒருத்தருக்கு எப்படி?" என்று குடையை மார்போடு அணைத்துக்கொண்டார். ரேஷன் கடைக்காரர் தராசு அரசாங்கச் சொத்து என்றார். தாத்தா பல்செட்டைப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார், நடுவில் வயலின் வந்துவிட்டது, என்ன சொன்னார் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. திருவேங்கடம் மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். இருபது நாளைக்கு முன் இவர்களுக்கு இப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாது. இன்றைக்கு அது இல்லாமல் உயிர் போய்விடும்.

கடைசியாகப் பாக்கியம். வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்திருந்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நான் விட்டுக் குடுத்துடறேன்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். "அந்தப் பொண்ணு படியில ஏறி எறங்கற சத்தம் எனக்குத்தான் நல்லாக் கேக்குது. ஆனா நீ சொன்ன சொல்லை நீ திருப்பி எடுத்துக்கணும்."

"எந்தச் சொல்லு?"

"நடிக்காத. கல்லுன்ன. காலையில தண்ணி வர்ற நேரம், எல்லாரும் குடத்தோட நிக்கும்போது, குழாயடியில நின்னு சொல்லு. 'பாக்கியம் அக்கா, உங்க இட்லியை நான் கல்லுன்னு சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க.' இவ்ளோதான்."

நான் சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். பேரத்தில் திரும்பி நடக்கிறவனை நாலாவது அடிக்குள் கூப்பிட்டுவிட வேண்டும், அது மரியாதை. நாலு அடி போனேன், ஐந்து போனேன், ஏழு போனேன். பின்னால் தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் வந்தது. நானே திரும்பி வந்தேன். என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

"அடுப்படியில சொல்றேன். உன் காதுல."

"என் இட்லி பஞ்சுன்னு என் காதுக்குத் தெரியும். ஊர்க் காதுதான் எனக்கு வேணும்."

"குழாயடி முடியாது. உன் வாசப்படி. கதவு பாதி சாத்தி."

"முழுசாத் தெறந்து."

"முக்கால்."

"சரி, முக்கால். ஆளு?"

"ரெண்டு பேரு."

"ஆறு."

"மூணு. அதுல திருவேங்கடம் கிடையாது."

"அவரு இல்லாம எப்படி? ஊருக்கே பரப்பறது அவருதானே."

"அவர் இருந்தா 'மன்னிச்சிடுங்க' வராது. 'தப்பு' மட்டும்தான்."

பாக்கியம் தேங்காய் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் துருவ இருந்தது, துருவினாள். "'தப்பு' இருக்கணும், 'அக்கா' இருக்கணும். 'மன்னிச்சிடுங்க' தள்ளிடறேன், போ."

ஆக மூன்று பேர், முக்கால் கதவு, ஒரு தப்பு, ஒரு அக்கா. மறுநாள் காலை ஆறரைக்கு, திருவேங்கடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன் வரிசையில் நிற்க, சொன்னேன். அக்கா என்றது எளிதாக வந்துவிட்டது. தப்பு என்பது தொண்டையில் நின்று, மேலே வரவும் மாட்டாமல் கீழே போகவும் மாட்டாமல், சபாபதி தண்ணீர் கொண்டுவர எழுந்திருக்கும்போது வெளியே விழுந்தது. பாக்கியம் ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டினாள்.

"தின்னுட்டுச் சொல்லு."

"அது பேரத்துல இல்லை" என்றேன்.

பாக்கியம் மாடியேறி வந்தாள், மெஷினைப் பார்த்து "எனக்கு வேணாம்ப்பா, இந்தப் பொண்ணு பாவம்" என்று சொன்னாள். குண்டான் பட்டியலிலிருந்து போனது. மங்கலான வரி மெதுவாக, ரயில் பிளாட்பாரத்துக்கு வருகிற மாதிரி, மேலே வந்து தெளிவானது. ஸ்பீக்கர் இல்லை. காத்தமுத்து என்று இருந்தது.

பாக்கியம்தான் முதலில், "நல்லாத்தான் இருக்கு, வாய்க்கு ஏத்த வேலை" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஈடு வெந்துகொண்டிருக்கிறது என்று இறங்கிப் போனாள்.

அமலோற்பவம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "ஒரு பாட்டுக்குத்தான்" என்றேன். அவள் மற்ற பதினொன்றையும் அணைத்துவிட்டு என் பேரைத் தொட்டாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் சுற்றுவது நின்றுவிட்ட மாதிரி, தெரு அணைந்துவிட்ட மாதிரி, மொத்தமாக ஒன்றுமில்லை. அமலோற்பவத்தின் முகம் மட்டும் மாறியது. வாய் அசைத்து ஏதோ சொன்னாள், எனக்குத் தெரியவில்லை. பாட்டை நிறுத்தினாள். உடனே ஃபேன் சத்தம் திரும்ப வந்தது.

"என்ன ஆச்சு?"

"உங்க காதுலேருந்துதான் வருதுண்ணே. இடது பக்கம் இடது காதுல, வலது பக்கம் வலது காதுல."

"எனக்குக் கேக்கலையே."

"வெளிய விடற காதுக்கு எப்படி உள்ள வாங்க முடியும்?" அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே மூன்றடி தள்ளிப் போட்டாள். அவள் குரலில் அதுவரை நான் கேட்காத ஒரு அதட்டல் இருந்தது. "வாயை மூடிட்டு நேரா உக்காருங்க. தாடையைத் தூக்காதீங்க."

"எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"கேவலமா இருக்கு" என்றாள், சந்தோஷமாக. "அந்த வயலினை நான் எவ்ளோ தூக்கியிருக்கேன், குரல்ல எவ்ளோ சர்க்கரை போட்டிருக்கேன், எல்லாம் அப்படியே பல்லை இளிக்குது. பதினெட்டு வருஷம் சென்னையில எத்தனையோ ஸ்பீக்கர்ல கேட்டிருக்கேன். எல்லாமே கொஞ்சம் முகஸ்துதி பண்ணும்ணே. கெட்டதைக் கெட்டதுன்னு காட்டற ஸ்பீக்கர் இப்பத்தான் பாக்கறேன்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, திட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று நான் யோசிப்பதற்குள் அவள் மறுபடி தொட்டுவிட்டாள்.

மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, நாலாம் நாள் காலையும். கடை பூட்டிக் கிடந்தது. வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது அந்த நாற்காலியில்தான். ஏலக் கூடத்தில் ஒரு விரலைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கியவன், ஒரு பெண்பிள்ளை கையைக் காட்டினால் மூச்சை மெதுவாக விட்டேன். நடுவில் நிறுத்திவிட்டு, "இடது பக்கம் கரகரக்குது. பீடி குடிச்சீங்களா?" என்பாள். வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவேன். "வயிறு கத்துது, நாலாவது பாட்டுல விழுந்துடுச்சு. போய் ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க" என்பாள். பாக்கியத்திடம் போய் நின்று தின்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது கேட்டு வாங்கினேன்.

தெரு முதல் நாள் மாடிப்படியில் ஏறிச் சத்தம் போட்டது, பதினொன்றும் ஊமையாகிவிட்டது என்று. திருவேங்கடம் சங்கத்தின் பேரில் நோட்டீஸ் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணனைக் குறுக்க மறைக்காதீங்க சார், இடது பக்கம் கேக்கல" என்றாள் அமலோற்பவம். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு ஆணை விலகச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்; அவர் விலகிவிட்டார். இரண்டாம் நாள் அவர்கள் படியிலேயே உட்கார்ந்தார்கள், ஆனால் பேசவில்லை. யோசனை சொல்ல யாராவது வாயைத் திறந்தால் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். ஆட்டுக்குட்டி மட்டும் என் மடியில் வந்து படுத்துக்கொண்டது. ஏழாவது பாட்டு முடியும்வரை அதுவும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் கேட்டார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் புருவம் ஏறுவதையும், ஒரு இடத்தில் கண்ணை மூடுவதையும், கை குமிழிடம் போய், தொடாமல், திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முப்பதாம் தேதி பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினாள். இரண்டு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஒருத்தர் பேசினார்: எட்டும் எடுத்துக்கொண்டார்கள், ஆல்பத்தின் அட்டையில் அவள் பேர் எப்படிப் போடவேண்டும் என்று கேட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், திருவேங்கடம் இடையில் புகுந்து ஒரு எழுத்தைக் குறைக்கச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. இரண்டே காலுக்குப் பழைய முதலாளி. நாற்காலியைப் பற்றித்தான். "அதுல நீங்களே உக்காருங்க சார். தூசு தட்டித்தானே வச்சிருக்கீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒருதரம் எனக்கும் போட்டுக் காட்டு. வேற மெஷின்ல" என்றேன்.

"வேணாம்ணே. கேட்டா நீங்க பேரம் பேசுவீங்க."

எனக்குக் கோபம் வரவேண்டும். வந்த மாதிரி இருந்தது, வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். தெரு மொத்தமும் டீக்கடை முன்னால் நின்றது. சபாபதி, குடை வாத்தியார், வெறும் வாயோடு தாத்தா, எல்லாரும். மூன்று நாளும் படியில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான், ஆனாலும் அவர்களுக்குத் தாங்கள் கேட்டது நல்லதா கெட்டதா என்று இன்னொருத்தன் சொன்னால்தான் தெரியும், அப்படிப்பட்ட தெரு அது. பாக்கியம் கரண்டியோடு முன்னால் வந்தாள்.

"என்னப்பா, பாட்டு எப்படி?"

பொருளைக் கையில் வாங்காமல், திருப்பிப் பார்க்காமல், தட்டிப் பார்க்காமல், குறை சொல்லாமல் நான் எதற்கும் வாயால் ஒரு மதிப்புச் சொன்னது கிடையாது, நாற்பது வருஷத்தில் ஒரு பழைய ஸ்குரூவுக்குக்கூடச் சொன்னது கிடையாது. அத்தனை மூஞ்சியும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.